சட்டமன்ற மனுக்கள் குழுவிடம் உங்கள் பகுதியின் கட்டுமானக் கோரிக்கையைக் கொண்டுபோவது எப்படி?

சென்னையில் எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் இருக்கிறது. ஆனால் அது கால்வாய் வரை போய்ச் சேரவில்லை. கால்வாய்க்கு 140 மீட்டர் முன்பே மண்சுவரில் முட்டி நின்றுவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை வந்தால் நான்கு தெருத் தண்ணீரும் எங்கள் வாசலில்தான் தேங்கும். மூன்று ஆண்டுகள் மனு மேல் மனு போட்டோம். ஒவ்வொரு மனுவுக்கும் பதில் வந்தது, வடிகால் வரவில்லை. அப்புறம்தான் தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைக்கு மனுக்கள் குழு என்று ஒன்று இருப்பதும், அது மாவட்டம் மாவட்டமாகச் சென்று, மனு போட்டவரை எதிரில் வைத்துக்கொண்டே துறை அலுவலர்களிடம் விளக்கம் கேட்கும் என்பதும் தெரிந்தது.

முதல் தடவை எங்கள் மனு ஆய்வுக்கே எடுக்கப்படவில்லை. இரண்டாவது தடவை குழுவின் முன் நின்று பேசினேன். இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை ஆண்டு வீணானது. அந்த ஒன்றரை ஆண்டு உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வடிகாலுக்கு மட்டும் அல்ல, நடைமேம்பாலம், பள்ளிக் கட்டடம், ஆரம்ப சுகாதார நிலையம், தரைப்பாலம் என்று அரசு கட்டித்தர வேண்டிய எதற்கும் இது பொருந்தும்.

1. கேட்பது புது வேலையா, பராமரிப்பா?

பெரும்பாலான மனுக்கள் இந்த இடத்திலேயே வழி தவறுகின்றன. "தண்ணீர் தேங்குகிறது, நடவடிக்கை எடுங்கள்" என்று எழுதினால், ஒருநாள் தூர்வாரும் வண்டி வரும். சேற்றை அள்ளிப் போட்டுவிட்டு, "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று மனுவை முடித்துவிடுவார்கள். அவர்கள் மேலும் முழுத் தவறு சொல்ல முடியாது. நாம் கேட்டதைச் செய்துவிட்டார்கள்.

தூர்வாருவது வருவாய்ச் செலவு. இல்லாத 140 மீட்டர் வடிகாலைக் கட்டுவது மூலதனச் செலவு. இரண்டுக்கும் பணம் வேறு, அனுமதி வேறு, கையெழுத்துப் போடும் அதிகாரி வேறு. அதனால் மனுவின் முதல் வரியிலேயே வேலையின் பெயர், இடம், தொடங்கும் புள்ளி, முடியும் புள்ளி, தோராயமான நீளம் வந்துவிட வேண்டும். நாங்கள் அளவு நாடா பிடித்து இரண்டு பேராக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அளந்தோம். அதன் பிறகு எங்கள் மனுவுக்குக் கிடைத்த மரியாதையே வேறு.

2. அந்த இடம் யாருடையது?

சென்னையில் இதைக் கண்டுபிடிப்பதற்கே தனியாக ஒரு மாதம் ஒதுக்குங்கள். தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் சென்னைக் குடிநீர் வாரியத்தினுடையவை. அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய் போன்றவை நீர்வளத்துறையின் பொறுப்பு. சாலைகளிலும் இதே கதைதான். உட்புறச் சாலைகளும் பேருந்து ஓடும் பல சாலைகளும் மாநகராட்சியிடம், அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம், ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை தேசிய நெடுஞ்சாலை. ரயில் பாதைக்கு அடியில் சுரங்கப்பாதை வேண்டுமென்றால் அதில் ரயில்வேயும் வந்துவிடும். ரயில்வேயும் தேசிய நெடுஞ்சாலையும் மத்திய அரசின் கீழ் இருப்பவை. மாநிலச் சட்டமன்றக் குழு அவர்களிடம் நேரடியாக வேலை வாங்க முடியாது.

எங்கள் பிரச்சினையில் வடிகால் மாநகராட்சியினுடையது, அது போய்ச் சேர வேண்டிய கால்வாய் நீர்வளத்துறையினுடையது. மூன்று ஆண்டுகளாக ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான்.

மாவட்ட எல்லையையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாநகராட்சியின் 200 வார்டுகளுக்குள் இருந்தால் சென்னை மாவட்டம். தாம்பரம் என்றால் செங்கல்பட்டு மாவட்டம், ஆவடி என்றால் திருவள்ளூர் மாவட்டம். பேச்சுவழக்கில் எல்லாம் சென்னைதான், ஆனால் மனு போக வேண்டிய ஆட்சியர் அலுவலகம் வேறு.

3. பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது?

வரவு செலவுத் திட்டப் புத்தகங்களைப் பார்த்து மிரள வேண்டாம். உங்களுக்குத் தேவைப்படுவது இரண்டு மூன்று பக்கம்தான். ஒவ்வொரு துறையும் தன் ஆண்டுச் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்பதுதான் மானியக் கோரிக்கை. நிதித்துறையின் இணையதளத்தில் துறைவாரியாக மானியக் கோரிக்கைப் புத்தகங்கள் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும், செலவில்லை. நெடுஞ்சாலைத் துறைக்கு மானியக் கோரிக்கை எண் 21, நகராட்சி நிர்வாகம், குடிநீர் வழங்கலுக்கு 34, பள்ளிக் கல்விக்கு 43, மக்கள் நல்வாழ்வுக்கு 19. அதனுடன் ஒவ்வொரு துறையின் கொள்கை விளக்கக் குறிப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள். அது தமிழில் இருக்கும். எந்தத் திட்டத்தில் எவ்வளவு வேலை முடிந்தது, எது நிலுவை என்பதெல்லாம் அதில்தான் வரும்.

புத்தகத்தைத் திறந்ததும் கணக்குத் தலைப்பின் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2 அல்லது 3-இல் தொடங்கினால் வருவாய்ச் செலவு. 4 அல்லது 5-இல் தொடங்கினால் மூலதனச் செலவு. சாலை, பாலங்களுக்கு 3054 என்றால் பராமரிப்புப் பக்கம், 5054 என்றால் புதிதாகக் கட்டும் பக்கம். வெள்ளத் தடுப்புக்கு 2711, 4711. கல்விக்கு 2202, 4202. இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால் எந்தப் புத்தகமும் பழகிவிடும்.

இங்கே மூன்று இடங்களில் ஏமாந்துவிடக் கூடாது. ஒன்று, தொகை ஆயிரத்தில் போடப்பட்டிருக்கிறதா, இலட்சத்திலா என்று பக்கத்தின் மேலே பாருங்கள். இரண்டு, பக்கத்தில் பல பத்திகள் இருக்கும். முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டின் மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று. ஒதுக்கிய தொகை பெரிதாகவும் திருத்த மதிப்பீடு சிறிதாகவும் இருந்தால், ஒதுக்கிய பணம் முழுவதும் செலவாகப் போவதில்லை என்று பொருள். குழுவின் முன் சொல்வதற்கு இதைவிட நல்ல விவரம் கிடைக்காது. மூன்று, சில தலைப்புகளில் ஆயிரம் ரூபாய் மாதிரி ஒரு தொகை மட்டும் நிற்கும். அது அடையாள ஒதுக்கீடு. திட்டத்துக்குக் கணக்குத் திறந்திருக்கிறார்கள், பணம் இன்னும் வரவில்லை.

மாநகராட்சி வேலை என்றால் மாநில அரசின் புத்தகம் மட்டும் போதாது. மாநில அரசு 2025-26க்கு மூலதனச் செலவாகச் சுமார் 57,231 கோடி ரூபாய் அறிவித்தது. உங்கள் தெரு வடிகாலை அதில் தேடினால் கிடைக்காது. மாநகராட்சிக்குத் தனி வரவு செலவுத் திட்டம் உண்டு. அதே ஆண்டில் அதன் மூலதனச் செலவு சுமார் 3,190 கோடி. அதற்கும் வெளியே கடன் திட்டங்கள் இருக்கின்றன. மணலி, மாதவரம் பக்கமெல்லாம் கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டம், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில், 3,220 கோடியில், 769 கிலோமீட்டர் வடிகாலுக்குப் போடப்பட்டது. உங்கள் தெரு அப்படி ஒரு திட்ட எல்லைக்குள் வருகிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வந்தால் உங்கள் கேள்வி "ஏன் கட்டவில்லை" என்பதல்ல, "விரிவான திட்ட அறிக்கையில் எங்கள் தெரு இருக்கிறதா, இருந்தால் ஏன் விடுபட்டது" என்பது.

4. தகவல் உரிமைச் சட்டத்தில் ஆவணங்களை வாங்குங்கள்

மனுவுக்கு முதுகெலும்பு இதுதான். கட்டணம் பத்து ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதை 30 முதல் 45 நாளில் முடிக்க வேண்டும். ஆக, மோசமான நிலையில் மூன்று நான்கு மாதம் போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"ஏன் வடிகால் கட்டவில்லை?" என்று கேட்காதீர்கள். காரணம் சொல்வது என் வேலை இல்லை என்று பதில் வரும், சட்டப்படி அது செல்லும். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். நாங்கள் கேட்டது இவ்வளவுதான்: எங்கள் தெருப் பெயர் உள்ள வடிகால் வரைபடம், இந்த இடத்துக்குத் தயாரித்த மதிப்பீடு, நிர்வாக அனுமதி ஆணை (வேலைக்கும் செலவுக்கும் தரும் ஒப்புதல்), தொழில்நுட்ப அனுமதி (வடிவமைப்புக்கும் மதிப்பீட்டுக்கும் பொறியாளர் தரும் ஒப்புதல்), எங்கள் பழைய மனுக்களின் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகள். கடைசியாகக் கேட்டதில்தான் விஷயம் இருந்தது. முதல் மனுவின் மீதே ஒரு பொறியாளர், "இணைப்பு அவசியம், கால்வாய்க் கரையில் அனுமதி பெற வேண்டும்" என்று எழுதியிருந்தார். இரண்டு ஆண்டாக அந்தக் குறிப்பு கோப்பில் தூங்கியிருக்கிறது. அந்த ஒரு பக்கத்துக்காகவே இத்தனை நாள் காத்திருந்தது தகும் என்று அன்றைக்குத் தோன்றியது.

உங்கள் வார்டில் பகுதி சபா (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம்) கூடினால் போய், இந்த வேலையைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பின் நகலும் மனுவோடு போக வேண்டும்.

5. மனுவை எழுதுதல்

இங்கேதான் நாங்கள் முதல் தடவை விழுந்தோம். வடிகால், கால்வாய் ஆக்கிரமிப்பு, கரையோர வீடுகளுக்குப் பட்டா, எங்களை அலைக்கழித்த ஓர் அலுவலர் மீது புகார் என்று எல்லாவற்றையும் ஒரே மனுவில் ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தோம். விசாரிக்கப் போனபோது ஓர் ஊழியர் பொறுமையாகச் சொன்னார்: "மேடம், இதுல நாலு மனு இருக்கு. ரெண்டு இங்க எடுக்கவே மாட்டாங்க."

விதி இதுதான். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை இருக்க வேண்டும், அது ஒரே துறையைச் சார்ந்ததாக இருக்க வேண்டும், நீண்ட நாளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். தனிநபர் குறை, நீதிமன்றத்தில் வழக்கிலுள்ள விஷயம், வேலைவாய்ப்பு, முதியோர் ஓய்வூதியம், பட்டா, வங்கிக் கடன், பணி மாறுதல், அரசு அலுவலர் மீதான புகார் ஆகியவற்றை எடுக்க மாட்டார்கள். அவை எவ்வளவு நியாயமாக இருந்தாலும் இந்தக் கதவு அவற்றுக்கானது அல்ல.

இரண்டு துறை சம்பந்தப்பட்டால் என்ன செய்வது? இரண்டு பேர் இரண்டு மனுவாகப் போடுங்கள். 140 மீட்டர் வடிகாலுக்கு நான் மாநகராட்சியைக் குறித்துப் போட்டேன். கால்வாய்க் கரையில் வெளிவாய் (வடிகால் தண்ணீர் கால்வாயில் விழும் வாய்) அமைக்க அனுமதி கேட்டுக் கீழ்வீட்டு அக்கா நீர்வளத்துறையைக் குறித்துப் போட்டார். இரண்டிலும் ஒரே வரைபடம்.

மனு தமிழில், இரண்டு பக்கத்துக்குள் இருந்தால் நல்லது. "தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை-600009" என்று முகவரி. தேதியிட்டுக் கையெழுத்து, முழு முகவரி, கைப்பேசி எண். நாங்கள் போட்டபோது ஐந்து நகல்கள் கேட்டார்கள். உங்கள் அறிவிப்பில் உள்ள எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளடக்கம் இந்த வரிசையில் இருந்தால் படிப்பவருக்குச் சுலபம்: கோரும் வேலை, பாதிக்கப்படும் வீடுகளின் எண்ணிக்கை, இதற்கு முன் கொடுத்த மனுக்களின் தேதியும் கிடைத்த பதிலும், துறையே எழுதிய குறிப்பு, பணம் வரக்கூடிய கணக்கு. எங்கள் வேதனையை விவரிக்க ஒரு பத்தி போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் எழுதியதை நானே வெட்டினேன். மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் வெட்டினேன்.

இணைப்புகள்: கையால் வரைந்த இட வரைபடம், நான்கு புகைப்படங்கள், தகவல் உரிமைச் சட்ட ஆவணங்கள், பகுதி சபாக் குறிப்பு. புகைப்படத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மனு எப்போது போட்டாலும் படம் மழையில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஏப்ரலில் காய்ந்த தெருவைப் படம் எடுத்துக் கொடுத்தால் யாருக்கும் உறைக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், தேதியும் நேரமும் படத்தில் தெரிய வேண்டும். தண்ணீரில் ஓர் அளவுகோலை நட்டு எடுத்தால் ஆழம் தெரியும்.

6. எப்போது, எங்கே கொடுப்பது, எவ்வளவு ஆகும்

குழு மாவட்டத்துக்கு வரப்போகிறது என்றால் ஆட்சியர் அலுவலகம் செய்திக்குறிப்பு வெளியிடும், நாளிதழ்களின் மாவட்டச் செய்தியில் வரும். கடைசித் தேதி அதில் இருக்கும். இடைவெளி குறைவு, அறிவிப்பு வந்த பிறகு ஆவணம் தேட ஆரம்பித்தால் முடியாது. எல்லாவற்றையும் முன்பே தயாராக வைத்திருங்கள். சென்னை ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில் இருக்கிறது. நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். தேர்தல் முடிந்து புதிய பேரவை வந்தால் குழுவும் புதிதாக அமைக்கப்படும். அந்தச் சமயத்தில் சில மாதம் எதுவும் நகராது.

வரவு செலவுத் திட்டத்தின் நாட்காட்டியையும் மனதில் வையுங்கள். வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் வாக்கில் தாக்கல் ஆகும். துறைகள் தங்கள் புதிய வேலைகளை அதற்குப் பல மாதம் முன்பே பட்டியல் போட்டு நிதித்துறைக்கு அனுப்பத் தொடங்கிவிடும். ஜனவரியில் விழித்துக்கொண்டால் அடுத்த ஆண்டுக்குத்தான் வேலை. தகவல் கேட்கும் வேலையை ஜூன், ஜூலையில் ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.

மனுவுக்குக் கட்டணம் கிடையாது. எனக்கு ஆனது: இரண்டு தகவல் மனு இருபது ரூபாய், ஆவண நகல் எழுபத்தெட்டு, ஐந்து செட் ஜெராக்ஸ் நூற்று அறுபது, வண்ணப் படங்கள் முன்னூறு. அஞ்சல், பேருந்துச் செலவெல்லாம் சேர்த்தாலும் ஆயிரத்துக்குள்தான். யாராவது "மனுவை எடுக்க வைக்கிறேன்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

7. குழுவின் முன் பேசும் நாள்

மனு எடுக்கப்பட்டால் தனியாகத் தகவல் வரும். அடையாள அட்டை, முத்திரை வாங்கிய நகல், இணைப்புகளின் மூலம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முன்னதாகவே போய்விடுங்கள். ஒரு நாளில் பல மனுக்கள் வரும். உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். கூட்டமாகப் போக வேண்டாம், பேசுபவர் ஒருவர், தாள் எடுத்துக் கொடுப்பவர் ஒருவர் போதும்.

நான் வீட்டில் கடிகாரம் வைத்துப் பேசிப் பார்த்தேன். அங்கே பேசியது கிட்டத்தட்ட இதுதான்: "ஐயா, எங்கள் தெரு வடிகால் 140 மீட்டர் முன்பே நின்றுவிடுகிறது. 212 வீடுகளுக்குள் தண்ணீர் வருகிறது. இணைப்பு அவசியம் என்று துறையின் பொறியாளரே கோப்பில் எழுதியிருக்கிறார், நகல் ஏழாம் பக்கத்தில். மதிப்பீடு எந்தத் தேதிக்குள் தயாராகும் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்."

கடைசி வாக்கியம்தான் முக்கியம். "வடிகால் கட்டித்தாருங்கள்" என்று முடித்தால் "ஆவன செய்யப்படும்" என்ற பதிலோடு அடுத்த மனு வந்துவிடும். தேதி கேட்டால், தேதியில்தான் பதில் சொல்ல வேண்டும்.

அலுவலர்கள் சொல்லும் பதில்களுக்குத் தயாராகப் போங்கள். "பரிசீலனையில் உள்ளது" என்றால், கோப்பு எண் என்ன, எந்த நிலை அதிகாரியிடம் இருக்கிறது என்று கேளுங்கள். "மதிப்பீடு தயாரிக்கப்பட்டு வருகிறது" என்றால், தொகை எவ்வளவு, எப்போது அனுப்பப்படும் என்று கேளுங்கள். "நிதி பெறப்பட்டவுடன் பணி மேற்கொள்ளப்படும்" என்றால் அதை நல்ல பதிலாக எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். எந்தத் திட்டத்தில் நிதி கேட்கப்பட்டது, கேட்டு அனுப்பிய கடிதத்தின் எண்ணும் தேதியும் என்ன என்று கேளுங்கள். கேட்கவே இல்லை என்பது பல நேரம் அங்கேதான் வெளிவரும். "அது வேறு துறை" என்றால், பக்கத்து நாற்காலியில் அந்தத் துறை அலுவலரும் உட்கார்ந்திருப்பார். எங்கள் இரண்டு மனுக்களும் ஒரே நாளில் வந்ததால், இரு துறையினரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று ஆண்டில் முதல் தடவையாக இருவரும் ஒரே அறையில் இருந்தார்கள்.

குரலை உயர்த்த வேண்டாம், அலுவலர் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்ட வேண்டாம். அழுகை வந்தால் வரட்டும், எனக்கும் தொண்டை அடைத்தது. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த எண்ணைப் படித்தேன்.

8. அதற்குப் பிறகு

அன்று இரவே குழுவில் சொல்லப்பட்டதையெல்லாம் தேதியோடு எழுதிவையுங்கள். ஒரு மாதம் கழித்து, குழுவின் ஆய்வுக்குப் பின் எடுத்த நடவடிக்கையின் நகலைக் கேட்டு மறுபடி பத்து ரூபாய் மனு ஒன்று போடுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் கொடுங்கள். மானியக் கோரிக்கை விவாதத்தில் அவர் அதை எழுப்பி, அமைச்சர் அவையில் செய்து தருவதாகச் சொல்லிவிட்டால், அதைப் பின்தொடரவே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. வேலை சிறியதாக இருந்தால் அவரது தொகுதி மேம்பாட்டு நிதியிலேயே முடியக்கூடும், ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் உண்டு. மாமன்ற உறுப்பினருக்கும் வார்டு மேம்பாட்டு நிதி இருக்கிறது.

அனுமதி கிடைத்த பின் ஒப்பந்தப்புள்ளி அரசின் ஒப்பந்தப்புள்ளி இணையதளத்தில் வரும். தெருப் பெயரைப் போட்டுத் தேடி, நீளம் நீங்கள் கேட்டதுதானா என்று பாருங்கள். எங்களுக்கு அனுமதிக்கு முந்தைய மதிப்பீட்டிலேயே முதலில் 95 மீட்டர் என்று போட்டிருந்தார்கள். அளவு நாடாவும் வரைபடமும் எடுத்துக்கொண்டு மறுநாளே போனோம். இப்போது 140 என்று திருத்தி நிர்வாக அனுமதிக்குப் போயிருக்கிறது. கோப்பு எண் என் கைப்பேசியில் இருக்கிறது, ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.